நோங் மாக்கில் யாருக்கு அதிகாரம் கூட?

1

சென்ற சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பத்துக்காக வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, ரொறன்ரோத் தமிழர்களின் தேசியக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எந்த இடம்?"

இதற்கு "விட்பி" என்று பதில் சொல்லக்கூடாது. நான் விட்பியில்தான் வீடு வாங்கி, மாதா மாதம் மோர்ட்கேஜ் கட்டி, காலையும் மாலையும் நெடுஞ்சாலையில் பாதி ஆயுளைக் கழிக்கிறேன். ஆனாலும் அது இடமல்ல. இடம் என்றால் ஊர். ஊரைச் சொன்னதும் எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, சங்கக்கடை மனேஜரைத் தெரியுமா என்று கேள்விகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். கடைசியில் நீங்கள் யார் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கனடாவுக்கு வந்த நாள் முதல் இந்தச் சோதனையை எழுதித் தேறி வருகிறவன் நான். அன்றைக்கு வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நோங் மாக்," என்றேன்.

பெரியவர் யோசித்தார். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அது தீவுப் பக்கமோ?"

நோங் மாக் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் இல்லை. தாய்லாந்தின் வடகிழக்கில், நெல்லும் மரவள்ளியும் விளைகிற ஒரு நாட்டுப்புறப் பிரிவு. நான் அங்கே பிறக்கவில்லை. அந்தத் திசையில் கால் வைத்ததும் இல்லை. ஆனால் அங்கே முதலில் யார் குடியேறினார்கள், எந்தக் குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது, எந்த அதிகாரி எந்த அதிகாரியோடு கதைப்பதில்லை என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். பிறந்த ஊரைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும் என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

2

என் மகள் மதுரா மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் தாய்லாந்துப் பெடியன் ஒருவனைக் கலியாணம் செய்யப் போவதாகச் சென்ற கோடையில் சொன்னாள். பெயர் தனாகொர்ன். வீட்டில் கூப்பிடுவது கொல்ஃப் என்று. தாய்லாந்தில் எல்லாருக்கும் இப்படி ஒரு செல்லப் பெயர் இருக்குமாம்.

என் மனைவி சாந்திக்கு அந்தப் பெயர்தான் முதலில் தொண்டையில் சிக்கியது.

"கொல்ஃப் எண்டால் விளையாட்டெல்லே?"

"விளையாட்டெண்டாலும் பணக்காரற்றை விளையாட்டு," என்றேன்.

பெடியன் நல்லவன். வந்த முதல் நாளே செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக அடுக்கினான். சாந்தியின் நண்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் உறைப்பு இருந்தால் நல்லது என்றான். அந்த ஒரு வசனத்தோடு சாந்தி விழுந்துவிட்டாள். எனக்கும் மறுப்பு இல்லை. தடையாக நின்றது வேறு ஒன்று.

"பெரியண்ணை ஓம் எண்டு சொல்லாமல் ஹோல் புக் பண்ணக்கூடாது," என்றாள் சாந்தி.

மதுரா அதற்கு மேலே போனாள். "மாமா மணவறைக்கு வராட்டி, ஐ ஆம் நொட் டூயிங் இட், அப்பா. ஐ ஆம் சீரியஸ்."

பெரியண்ணை என்றால் சாந்தியின் மூத்த தமையன். ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் தட்டில் தனியாக இருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் கல்கரியில். ஊரில் இருந்தபோது வன்னியில் பல வருடம் கிராமசேவகராக இருந்தவர், அதாவது சனங்கள் பழைய பழக்கத்தில் விதானையார் என்று கூப்பிடுகிற உத்தியோகம். இங்கே வந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றார். ஆனாலும் டோர்செட் பார்க்கில் அவரை இன்றைக்கும், கிராமசேவகர் என்பதைச் சுருக்கி, ஜீ.எஸ். அண்ணை என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் கனடாவுக்கு வந்து இறங்கியபோது எங்களை ஏற்று, தன் வீட்டு ஹோலில் படுக்க வைத்துச் சோறு போட்டவர் அவர். மதுரா அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். பிறகு அவருடைய பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனாள். அவள் பேசுகிற கொஞ்ச நஞ்சத் தமிழும் பஸ்ஸின் முன் சீற்றில் இருந்து அவரிடம் பிடித்த தமிழ்தான். தாய்மாமன் முறைக்கு அவர் வராமல் அவள் தாலி கட்டிக்கொள்ள மாட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"நேரே போய்க் கேக்கிறதுதானே," என்று நீங்கள் நினைக்கலாம். கேட்க முடியாது. எங்கள் ஆட்களில் மூத்தவரிடம் போய் "உங்களுக்குச் சம்மதமோ?" என்று நேருக்கு நேர் கேட்பது அவருடைய கழுத்தைப் பிடிப்பதற்குச் சமம். இல்லை என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் அதை மனிசன் திரும்ப எடுக்கவும் மாட்டார். விஷயத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, குளிர் எப்படி, பெற்றோல் விலை எப்படி என்று கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். மனம் வந்தால் அவராக ஒரு நாள் சொல்வார். அந்த நாள் வரைக்கும் கலியாண மண்டபக்காரன் பொறுப்பானா என்பது வேறு விஷயம்.

3

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் போனேன். அண்ணை தேத்தண்ணீர் ஊற்றினார். விஷயத்தை மெல்ல வைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய முகம் எப்போதும் அப்படித்தான். நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கிற ஆயிரம் பேரைப் பார்த்துப் பார்த்து உறைந்துபோன உத்தியோக முகம்.

"பெடியன் எந்த ஊர்?" என்றார்.

"தாய்லாந்து, அண்ணை."

"தாய்லாந்து ஒரு ஊரே? ஆரும் கேட்டால் நீர் சிலோன் எண்டு சொல்லிப்போட்டு நிப்பீரே?"

எனக்குப் புரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் மாப்பிள்ளையின் ஊரைக் கேட்கிறார் என்றால் பூகோளம் படிப்பதற்காகக் கேட்பதில்லை. ஊர், ஊரில் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் யாருடைய ஆட்கள் என்று அவர் அளந்து முடிக்கும்வரை சம்மதம் வராது. நான் சோதனைக்குத் தயாராகாமல் போய் மாட்டிக்கொண்டேன். கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அன்றைக்கே கொல்ஃபுக்கு ஃபோன் எடுத்தேன். அவன் தகப்பனுக்கு எடுத்தான். அடுத்த ஞாயிறு நான் வாய்ப்பாடம் செய்த பிள்ளையாக வந்து இருந்தேன்.

"நோங் மாக், அண்ணை. நோங் எண்டால் குளம். மாக் எண்டால் பாக்கு."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப கமுகங்குளம்."

"ஓம்."

"குளத்துப் பேரிலை ஊரெண்டால் குளத்தடியிலை குடியேறின சனம். எங்கையிருந்து வந்தவை?"

அது எனக்குத் தெரியாது. அதற்கும் அடுத்த ஞாயிறு வரை தவணை எடுத்தேன். பெரிய ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, கெட்ட காலமொன்றில், எருமைகளையும் சாய்த்துக்கொண்டு வந்தவர்களாம். குளத்தைக் கண்டதும் இருந்துவிட்டார்கள். முதலில் பக்கத்துப் பிரிவுக்கு ஒரு கிளைக் கந்தோராக இருந்து, சனம் பெருகிய பிறகு தனிப் பிரிவாகத் தரமுயர்த்தினார்களாம். நான் இதை மாவட்டம் என்று சொல்லப்போக, அண்ணை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உது மாவட்டமில்லை. மாவட்டத்துக்குக் கீழை. எங்கடை உதவி அரசாங்க அதிபர், ஏ.ஜீ.ஏ. பிரிவு மாதிரி. உம்மடை ஊர் எந்த ஏ.ஜீ.ஏ. பிரிவு?"

எனக்குத் தெரியவில்லை. தேசிய அடையாள அட்டைக்குக் கையெழுத்து வாங்க எங்கள் ஊர் விதானையார் வீட்டுக்குப் போனதுதான் அரசாங்க நிர்வாகத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு. விதானையார் குளிக்கிறார், பிறகு வா என்றார்கள். பிறகு போனால் சாப்பிடுகிறார். அதற்குப் பிறகு போனால் அவருடைய நாய் என்னை வேலிக்கு மேலால் அனுப்பியது. இந்த அனுபவத்தை அண்ணையிடம் சொல்லவில்லை. உத்தியோகத்தை இழித்ததாக எடுத்துக்கொள்வார் என்று பயம்.

இப்படியே ஞாயிறு தவறாமல் விட்பியிலிருந்து டோர்செட் பார்க்குக்கு ஓடினேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கொண்டுபோனால், அந்தப் பதிலுக்குள்ளிருந்து அவர் இன்னொரு கேள்வியைத் தோண்டி எடுத்தார். காணிக்கு உறுதி இருக்கிறதா என்றார். நாலைந்து விதமான காணிக் கடதாசி இருக்கிறதாம், ஒன்றை விற்கலாம், இன்னொன்றில் பயிர் மட்டும் செய்யலாம் என்றேன். "ஆ, பெமிற் காணி. அரசாங்கம் பயிர் செய்யத் தாறது, விக்கேலாது," என்று அண்ணை தலையாட்டினார். அரைமணி நேரம் வன்னியின் பெமிற் காணிப் பிரச்சினைகளை எனக்கு விளக்கினார். ஒருவன் தன் பெமிற்றை மூன்று பேருக்கு விற்றுவிட்டு நாலாவது ஆளாகத் தானே வாங்க வந்த கதையும் அதில் வந்தது. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு இருந்தேன். சோதனை மண்டபத்தில் வாத்தியார் பகிடி விட்டால் மாணவன் படும் பாடு அது.

பொருளாதாரமும் கேட்டார். ஒட்டுகிற மாதிரி ஒரு அரிசி, மரவள்ளி, கரும்பு, பட்டுப் புழு என்று ஒப்பித்தேன். இளம் பிள்ளைகள் எல்லாம் பாங்கொக்கில் வேலை, அவர்கள் அனுப்புகிற காசில்தான் ஊரில் வீடு எழும்புகிறது என்றேன். "பிறகென்ன, எங்கடை ஆக்கள்தான்," என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பட்டு நூலை எடுத்த பிறகு உள்ளே மிஞ்சுகிற புழுவை அவர்கள் வறுத்துச் சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். தகவலை மறைப்பது பிழைதான். ஆனால் கலியாணம் நடக்க வேண்டும்.

4

கஷ்டம் வந்தது நிர்வாகத்தில்.

கொல்ஃபின் தகப்பன் ஒரு கம்னான். அங்கே ஒவ்வொரு கிராமத்துக்கும் சனம் வாக்குப் போட்டு ஒரு தலைவரைத் தெரிவு செய்யும். அப்படிப் பல கிராமத் தலைவர்களுக்கு மேலே ஒரு தலைவர், அவர்தான் கம்னான். காக்கி உடுப்பு உண்டு. காலையில் விடிய முந்தி, கிராமத்துக்கு நடுவிலுள்ள கம்பத்தில் கட்டிய லவுட்ஸ்பீக்கரில் அறிவித்தல் சொல்வார்களாம். யாருடைய எருமை தொலைந்தது, எப்போது தடுப்பூசி, யார் வீட்டில் செத்தவீடு என்று எல்லாம் அதில் வரும்.

"லவுட்ஸ்பீக்கரே?" என்றார் அண்ணை. பிறகு ஜன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தார். கீழே வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. "எனக்கு ஒரு சைக்கிள்தான் தந்தவங்கள்," என்றார்.

லவுட்ஸ்பீக்கர் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, வீட்டுக்குப் போய் சாந்தியிடம் மனம் விட்டுச் சொன்னேன். அவள் சாமி அறைக்குள் போய் விளக்கை ஏற்றினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய கேள்வி வந்தது. கம்னானைப் போலவே அதே இடத்துக்கு நாயொக் என்று இன்னொரு தலைவரும் இருக்கிறார் என்று கொல்ஃப் வாய் தவறிச் சொல்லிவிட்டான். உள்ளூராட்சிச் சபைக்குத் தெரிவானவர், ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் வருகிற காசு அவர் கையில். நானும் அதை அண்ணையிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கம்னானும் இருக்கிறார், நாயொக்கும் இருக்கிறார். சரி. ஆருக்கு அதிகாரம் கூட?"

இந்த ஒரு கேள்வி எங்கள் குடும்பத்தை ஆட்டி வைத்தது. கொல்ஃபிடம் கேட்டேன். அவன் தகப்பனைக் கேட்டுவிட்டு வந்தான்.

"அங்கிள், மை டாட் செட் அவருக்குத்தானாம்."

அதை அண்ணையிடம் கொண்டுபோனேன். "அவர் அப்பிடித்தானே சொல்லுவார். மற்றாளைக் கேட்டனீரே?" என்றார். ரொறன்ரோவில் இருந்துகொண்டு தாய்லாந்தின் உள்ளூராட்சிச் சபைத் தலைவரை எப்படிக் கேட்பது? கொல்ஃப் தன் ஒன்றுவிட்ட தமையனை அனுப்பிக் கேட்பித்தான். நாயொக்கும் தனக்குத்தான் என்றாராம். அத்தோடு நிற்காமல், கனடாவிலிருந்து யார் இதை விசாரிக்கிறார்கள், ஏன் விசாரிக்கிறார்கள் என்றும் கேட்டாராம். கம்னானுக்கு எதிராக மேலிடத்து விசாரணை நடக்கிறது என்று நோங் மாக் கடைத்தெருவில் கதை பரவியது. கொல்ஃபின் தாய் ஃபோனில் அழுதார்.

"அப்பா, ஸ்டொப் இன்வெஸ்டிகேட்டிங் மை இன்லோஸ்," என்றாள் மதுரா. "மாமாவுக்கு அவையைப் பிடிக்கேல்லை எண்டால் பிடிக்கேல்லை. ஏன் எல்லாரையும் போட்டு வருத்திறியள்?"

சரக்குப் பெட்டிகளை உலகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தவறாமல் அனுப்புகிற பிள்ளை, தன் கலியாணத்தை விட்பியிலிருந்து டோர்செட் பார்க்குக்கு அனுப்ப முடியாமல் நின்றாள். எனக்கு அண்ணை மீது கோபம் வந்தது. பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ஊரின் வரைபடத்தைப் பார்க்கிற மனிசன் என்று மனதுக்குள் திட்டினேன்.

இதற்கிடையில் எங்கள் சொந்தக்காரர்கள் தங்கள் பங்குக்கு உழைத்தார்கள். சாந்தி யாரோ ஒருவரிடம் கமுகங்குளம் என்று சொல்ல, மாப்பிள்ளை வவுனியாப் பக்கம் என்று கதை போனது. தகப்பன் விதானையார் மாதிரி என்று சொன்னது, மார்க்கம் நகரத்தைத் தாண்டும்போது ஏ.ஜீ.ஏ. ஆகி, அஜாக்ஸுக்கு வந்து சேர்ந்தபோது அரசாங்க அதிபர் ஆகியிருந்தது. கோயிலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "ஜீ.ஏ. வீட்டுச் சம்பந்தமாம். கேள்விப்பட்டன். நல்லது," என்றார். மறுக்க எனக்கு நேரமில்லை. நான் நோங் மாக்கின் நீர்ப்பாசனத்தில் இருந்தேன்.

5

கடைசியில் கம்னானே வந்தார்.

அவரைக் கூப்பிட விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், "கிராமத் தலைவர்களின் தலைவர்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தூதரகத்தில் இருந்தவர் இவரை ஏதோ ஆதிவாசி அரசன் என்று நினைத்திருக்க வேண்டும், மிக மரியாதையாகப் பேசினாராம். கம்னான் வெளிநாடு போகத் தன் மேலதிகாரியிடம் லீவு எடுக்க வேண்டும், அதற்கும் ஒரு மாதம் சென்றது. அதை அண்ணையிடம் சொன்னபோது, "எடுக்கத்தானே வேணும். நானும் ஏ.ஜீ.ஏ.யிட்டைக் கேளாமல் பிரிவு தாண்டினதில்லை," என்றார். தவறு கண்டுபிடிக்க இடமில்லாமல் போனதற்காக வருந்துகிறாரோ என்று நினைத்தேன்.

மண்டபக்காரன், கம்னான் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் திகதியைப் பிடித்து வைக்க மாட்டேன் என்றுவிட்டான். ஆகவே அன்றைக்கு மத்தியானமே கம்னானையும் மனைவியையும் கொல்ஃபையும் மதுராவையும் ஏற்றிக்கொண்டு டோர்செட் பார்க்குக்குப் போனேன். சாந்தி வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது, முடிவை ஃபோனில் சொல்லுங்கோ என்று வீட்டில் இருந்துவிட்டாள்.

கம்னான் கட்டையான, மெலிந்த மனிதர். வெயிலில் காய்ந்த கழுத்து. முக்கியமான இடத்துக்குப் போகிறோம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், காக்கி உடுப்பை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து அணிந்திருந்தார். லிஃப்டில் ஏறிய ஒரு கிழவி அவரைப் பொலிஸ் என்று நினைத்து, மேல்வீட்டுச் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு செய்தார். கம்னான் ஒரு சொல்லும் விளங்காமல், மிகக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். கிழவி திருப்தியோடு இறங்கினார்.

அண்ணை கதவைத் திறந்தார். வேட்டியும் வெள்ளைச் சேட்டும் போட்டிருந்தார். காக்கியைக் கண்டதும் அவரை அறியாமலே முதுகு நிமிர்ந்தது. கம்னான் கைகூப்பினார். அண்ணையும் கைகூப்பினார். அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்தார்கள். அண்ணை கம்னானைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"கட்டாக்காலி மாடுகளை என்ன செய்யிறியள்?"

மதுரா திகைத்தாள். "கட்டா என்ன, மாமா?"

"ஆரும் கட்டாமல் விட்ட மாடு. மற்றவன்ரை வயலை மேய்ஞ்சால் வழக்கு உன்ரை வாசலுக்குத்தானே வரும். கேள்."

மதுரா அதை ஆங்கிலத்தில் கொல்ஃபுக்குச் சொன்னாள். கொல்ஃப் தாய்லாந்து மொழியில் தகப்பனுக்குச் சொன்னான். கம்னான் முகம் மலர்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார். அது திரும்பி வர நெடுநேரம் எடுத்தது.

"மாமா, அவர் சொல்லுறார், ரெண்டு பேற்றை வீட்டையும் போய்ச் சாப்பிடுவாராம். ஒண்டும் கதைக்க மாட்டாராம். அடுத்த நாளும் போவாராம். பிறகு அவைக்கு சமைச்சு அலுத்துப்போய், தே செட்டில் இட்."

அண்ணை சிரித்தார். உண்மையாகவே சத்தம் வரச் சிரித்தார். "நான் மாட்டைக் கொண்டுவந்து என்ரை வளவுக்கை கட்டி, வடிவாய்த் தீன் போடுவன். சொந்தக்காரன் வெக்கத்திலை தானே வருவான். ஒருக்கால் ஒருத்தன் வரவே இல்லை. மாடு என்னோடை ஒரு வருசம் நிண்டது."

இது போய்ச் சேர்ந்ததும் கம்னான் தொடையில் அடித்துக்கொண்டார். அதன் பிறகு இருவரையும் பிடிக்க முடியவில்லை. குளக்கட்டு உடைந்த கதை, வாக்காளர் இடாப்பில் செத்தவர்கள் வாக்குப் போட்ட கதை, மந்திரி வருகிறார் என்று மரத்துக்கு வெள்ளை அடித்த கதை. மதுராவும் கொல்ஃபும் மொழிபெயர்த்துக் களைத்து, கடைசியில் கையைக் காலைக் காட்டி நடித்தார்கள். எருமையாகக் கொல்ஃபும், ஏ.ஜீ.ஏ. ஆக மதுராவும் நடித்ததை நான் பார்த்தேன்.

எனக்குத்தான் அங்கே இடமில்லை. இவ்வளவு படித்தும் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கம்னான் தன் பொறுப்பில் இத்தனை கிராமம் என்று சொன்னபோது பொறுக்க முடியாமல், "இல்லை, தெற்குப் பக்கத்துக் கிராமத்தை இரண்டாகப் பிரிச்சாச்சு, இப்ப ஒண்டு கூட," என்று திருத்தினேன். கம்னான் ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். பிரிப்பதென்று பேச்சுத்தான், கடதாசி இன்னும் வரவில்லை என்றார். அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் முடிகிற நேரத்தில் அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கோ நாயொக்குக்கோ, ஆருக்கு அதிகாரம் கூட?"

கம்னான் வாயைத் திறக்க முந்தி அவருடைய மனைவி பதில் சொன்னார். அதுவரை ஒரு சொல்லும் பேசாமல் அண்ணை கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். கொல்ஃப் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மதுராவுக்குச் சொன்னான்.

"மாமா, அன்ரி சொல்லுறா, ரெண்டு பேருக்கும் இல்லையாம். பெரிய ஒஃபிசிலை சீல் வைச்சிருக்கிற கிளார்க்குக்குத்தானாம்."

அண்ணை எழும்பி நின்று அந்த அம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

6

அவர்களை லிஃப்டில் அனுப்பிவிட்டு, ஜக்கெற்றை மறந்ததாகச் சாட்டுச் சொல்லி நான் மட்டும் திரும்பி வந்தேன். மண்டபக்காரனோ அன்றைக்குத்தான் கடைசி நாள் என்றிருந்தான். வீட்டில் சாந்தி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். கீழே காரில் மதுரா இருக்கிறாள். அதற்கு மேலும் குளிரைப் பற்றியும் பெற்றோல் விலையைப் பற்றியும் கதைக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஆட்கள் கேட்கக்கூடாததை நேரே கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் ஓம் தானே?"

அண்ணை கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"கலியாணத்துக்கு."

"ஏன், நான் எப்ப வேண்டாமெண்டனான்?"

"நீங்கள் ஓம் எண்டும் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே. பிள்ளைக்குப் பிடிச்சிருக்கெண்டு நீர் வந்து சொன்ன அண்டைக்கே எனக்குச் சரி. அவளுக்குப் பிடிச்ச பெடியனை வேண்டாமெண்டு சொல்ல எனக்கென்ன விசரே?"

"அப்ப ஏன், அண்ணை, இவ்வளவு கேள்வி? ஊர், குளம், பெமிற் காணி, கம்னான், நாயொக். நான் நித்திரை கொண்டு எத்தினை மாதம் தெரியுமே? அங்கை தாய்லாந்திலை சனம் விசாரணை எண்டு பயந்துபோச்சு."

அண்ணை குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நான் அண்டைக்கே ஓம் எண்டிருந்தால், நீர் அடுத்த ஞாயிறு வந்திருப்பீரே?"

வந்திருக்க மாட்டேன். தீபாவளிக்கு வந்திருப்பேன், அதுவும் சாந்தி சொன்னால். எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. அவர் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரே இருந்தார். உத்தியோக முகம் திரும்பி வந்திருந்தது.

மதுராவுக்கு எடுத்து, மாமா ஓம் என்கிறார் என்றேன். ஃபோனுக்குள் இரண்டு மொழியில் சத்தம் கேட்டது. கம்னான் குடும்பத்தைக் கொல்ஃபே விட்பிக்குக் கொண்டுபோகட்டும், கார்த் திறப்பு காரிலேயே கிடக்கிறது என்றும் சொன்னேன். பிறகு சாந்திக்கு எடுத்தேன்.

"அண்ணை ஓமாம். ஹோலைப் புக் பண்ணும்."

அவள் அழுது முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப வெளிக்கிட்டாச்சோ?"

அண்ணை தேத்தண்ணீர்க் கேத்திலை மறுபடியும் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "இன்னும் கொஞ்சக் கேள்வி கிடக்காம்."